ரப்பர்பால் மெத்தைக்கு அயனிக் கட்டில் தாங்குமா?

கேள்வி: குழித்துறையில் ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீடு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவருக்கு 68 வயது. முதுகுவலி, முழங்கால் வலி இரண்டும் உண்டு. என் கல்யாணத்துக்கு அப்பா செய்து தந்த அயனி மரக் கட்டிலில் 12 வருடப் பழைய காயர் (தேங்காய் நார்) மெத்தை கிடக்கிறது. நடுவில் குழி விழுந்துவிட்டது, அடியில் கறுப்புப் புள்ளிகள். துபாயில் இருக்கும் மகன் 6 அங்குல லேட்டக்ஸ் மெத்தை, அதாவது ரப்பர்பால் மெத்தை, வாங்கித் தருகிறேன் என்கிறான். மெத்தைக் கடைக்காரர் இந்தக் கட்டில் அதற்கு ஆகாது, அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் வாங்குங்கள் என்கிறார். ஆசாரி முழு பிளைவுட் போட்டுத் தருகிறேன் என்கிறார். முதுகுவலிக்கு வெறும் பலகைதான் நல்லது என்பது அக்கம்பக்கத்துப் பேச்சு. ரீப்பர், அதாவது குறுகிய பலகைத் துண்டுகளை நெருக்கமாக இடைவிட்டு, அடித்த கட்டில்தான் வேண்டும் என்பது மகனின் கட்சி. கட்டிலின் உள்ளளவு 75க்கு 60 அங்குலம். குறுக்கே 9 அங்குல அகலத்தில் 5 பலகைகள். நடுப்பலகை நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கிறது. பலகைகளுக்கு நடுவே ஏழு அங்குலம் வரை இடைவெளி. தோட்டத்தில் மறுநடவுக்காக வெட்டிய ரப்பர் தடியும் கிடக்கிறது. அது இதற்கு உதவுமா?

பதில்:

டீச்சர், கட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சட்டமும் கால்களும் நன்றாக இருக்கின்றன, கெட்டது மெத்தையைத் தாங்கும் பலகை அடுக்கு மட்டும்தான். மகன் சொல்வது சரி. அதற்குப் புதுக் கட்டில் வாங்க வேண்டியதில்லை. உங்கள் பலகைகளையே ரீப்பராக அறுத்து, நடுவில் ஒரு சட்டம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கட்டில் வேலையை முடித்துவிடுங்கள்.

மார்த்தாண்டத்தில் 26 வருடமாகக் கட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். மெத்தை சரியில்லை என்று சொல்லி வருகிறவர்கள் வீட்டுக்குப் போனால் நான் முதலில் மெத்தையைத் தூக்கி அடியைத்தான் பார்ப்பேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் மெத்தை முழுக்கப் பரவியிருக்காது. பலகை தொட்ட இடத்தில் ஒரு பட்டை கறுப்பு, இடைவெளி இருந்த இடத்தில் ஒரு பட்டை சுத்தம், மறுபடி ஒரு பட்டை கறுப்பு என்று சேலைக்கரை போல மாறி மாறி இருக்கும். இரவெல்லாம் உடம்பிலிருந்து இறங்குகிற வேர்வை ஈரம் மெத்தைக்குள் போய் அடிப்பக்கம் நிற்கிறது. காற்றுப் பட்ட இடத்தில் காய்ந்துவிடுகிறது, பலகை அடைத்த இடத்தில் பூசணம் பிடிக்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே வாங்குகிற ஊர் நம்முடையது. அதிலும் ஆற்றங்கரை வீடு. எனவே உங்கள் மெத்தைக்கு அடியில் காற்று ஓடியே ஆக வேண்டும்.

இரண்டாவது, தொய்வு இருக்கக் கூடாது. காயர் மெத்தை விறைப்பானது. ஏழு அங்குல இடைவெளியைக்கூட அது கொஞ்ச காலம் பாலம் போலத் தாங்கும், பிறகுதான் நார் முறிந்து குழி விழும். லேட்டக்ஸ் அப்படியில்லை. அது ரப்பர்பால் நுரை. அடியில் என்ன வடிவம் இருக்கிறதோ அதற்குள் இறங்கிவிடும். ஏழு அங்குல இடைவெளி இருந்தால் சில மாதங்களிலேயே அந்த இடமெல்லாம் தொங்கி, மேலே படுத்தவருக்கு மேடும் பள்ளமுமாகத் தெரியும். எடையும் அதிகம். உங்கள் அளவில் 6 அங்குல மெத்தை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரும். உங்கள் இருவர் எடையும் சேர்ந்தால் அந்தக் கட்டில் தினமும் எவ்வளவு சுமக்கிறது என்று பாருங்கள். ரீப்பர் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, இரண்டரைக்குள் நின்றால் இன்னும் நல்லது.

இப்போது தொய்வு எவ்வளவு என்று பார்க்க ஒரு நூல் போதும். மெத்தையை எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டத்துக்குப் பலகையை ஒட்டினாற்போல நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுப்பலகை மேல் யாராவது உட்கார, நூலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கட்டிலில் எந்த மெத்தை போட்டாலும் குழி விழும். இன்னொரு சோதனையும் உண்டு. இதே மெத்தையைத் தரையில் போட்டு சாரை இரண்டு இரவு படுக்கச் சொல்லுங்கள். கீழே உட்கார்ந்து எழ முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். தரையில் வலி குறைந்தால் கட்டிலின் பங்கு பெரிது. குறையாவிட்டால் மெத்தையும் தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். 12 வருடக் காயர் என்பதால் அதைத்தான் நானும் எதிர்பார்க்கிறேன்.

இனி ஆளாளுக்குச் சொன்னதைப் பார்ப்போம்.

பெட்டிக் கட்டிலை உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். இடம் குறைந்த மாடி பிளாட்டில், ஈரம் ஏறாத தரையில் அது உபயோகமான பொருள்தான். போர்வை, பாய், பாத்திரம் எல்லாம் உள்ளே போய்விடும். உங்கள் வீட்டில் அது நாலு பக்கமும் அடைத்து, அடிப்பலகை தரையோடு உட்கார்ந்திருக்கும். கடையில் கிடைப்பதில் பலவும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் அது ஊறிப் பொங்கும், திருகாணி பிடி விட்டுவிடும். நானே ஒருமுறை அனுபவப்பட்டேன். பல வருடம் முன்பு அருமனைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நல்ல பிளைவுட்டில் பெட்டிக் கட்டில் செய்து கொடுத்தேன். மேல்மூடியில் காற்றுத் துளை போட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஐப்பசியிலேயே கூப்பிட்டார்கள். மெத்தையைத் தூக்கினால் நனைந்த சாக்கு வாடை. கையை வைத்தால் உள்ளங்கை ஈரமாகிறது. அவர்கள் இரண்டு பேர் படுக்கிற இடத்தில் இரண்டு ஆள் உருவமாகப் பூசணம். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. கட்டிலைத் திரும்ப எடுத்துவந்து மூடி முழுக்கத் துளை போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் அந்த மெத்தை போனது போனதுதான். அதற்குப் பிறகு காற்று வழி இல்லாமல் ஒரு கட்டிலும் என் பட்டறையிலிருந்து வெளியே போனதில்லை.

ஆசாரி சொன்ன முழு பிளைவுட்டிலும் இதே சிக்கல்தான். தொய்வு வராது, அதில் அவர் சொல்வது உண்மை. ஈரமில்லாத வீட்டில் பஞ்சு மெத்தைக்கும் காயருக்கும் அது நன்றாகவே உட்காரும். லேட்டக்ஸ் மெத்தையை நறுக்கிப் பார்த்தால் மேலிருந்து கீழாக வரிசையாக ஊசித் துளைகள் இருக்கும், மெத்தை மூச்சு விடுகிற வழி அது. அடியில் பலகை போட்டு அடைத்தால் பாதி வழி மூடிவிடும். பிளைவுட்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றால் 18 மில்லிமீட்டர் கனத்தில், ஐஎஸ் 710 முத்திரை உள்ள தண்ணீர் தாங்குகிற பலகையாகக் கேளுங்கள். ஐஎஸ் 303 சாதாரண ரகத்துக்கும் வரும் முத்திரை. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒரு அங்குலத் துளைகள் போடச் சொல்லுங்கள். பிளைவுட் ஷீட்டின் அகலம் 4 அடிதான், உங்கள் கட்டில் 5 அடி. இரண்டு துண்டாகத்தான் வரும், அந்த இணைப்பு நடுச் சட்டத்தின் மேல் உட்கார வேண்டும்.

வெறும் பலகைப் பேச்சை நம் ஊரில் கேட்காத வீடு இல்லை. டாக்டர்கள்கூட ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு முதுகுவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கடினமான மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஆகவே அடித்தளம் அசையாமல் சமமாக இருக்கட்டும், அதன் மேல் மெத்தை நடுத்தரமாக இருக்கட்டும். சாரைப் பலகையில் படுக்க வைத்து வருத்த வேண்டாம். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப் போனாலோ அது கட்டில் விஷயமல்ல, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ரீப்பரில் இரண்டு விதம் உண்டு. வெளிநாட்டுக் கட்டில்களில் மெல்லிய மர அடுக்குகளை வில் போல வளைத்து ஒட்டி, பிளாஸ்டிக் பிடிகளில் மாட்டியிருப்பார்கள். படுத்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். மகன் அங்கே அதைப் பார்த்திருப்பார். நல்ல பொருள்தான், ஆனால் பிடி ஒன்று உடைந்தால் நம் ஊரில் மாற்றுப் பிடி தேடி அலைய வேண்டும். லேட்டக்ஸே போதுமான அளவு அமுங்கும், கீழே நேரான விறைப்பான ரீப்பர் போதும்.

சரி, அந்த ரீப்பருக்குத் தடி எங்கே? உங்கள் கட்டிலிலேயே இருக்கிறது. 9 அங்குலப் பலகை ஒன்றை மூன்றாக அறுத்தால், ரம்பம் தின்கிற தூள் போக, மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைவாக மூன்று ரீப்பர் கிடைக்கும். நல்ல பலகைகள் நாலிலிருந்து 12, விரிந்த பலகையில் விரிசலை நீக்கிவிட்டால் இரண்டு, ஆக 14. அந்த 14-ஐ 75 அங்குல நீளத்தில் சமமாகப் பரப்பினால் இடைவெளி ஒவ்வொன்றும் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். வெளியிலிருந்து ஒரு துண்டும் வாங்க வேண்டாம். பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறையாத கனம் என்றால் தாராளமாகப் போதும். அயனி லேசுப்பட்ட தடியா டீச்சர்? ஆலப்புழைப் பக்கம் சுண்டன் வள்ளம், அதாவது பாம்புப் படகு, கட்டுவது இதில்தான், அவர்கள் ஆஞ்ஞிலி என்பார்கள். தண்ணீரில் கிடக்கிற தடி, உங்கள் ஆற்றங்கரை ஈரத்துக்கு அசராது. இத்தனை வருடம் வீட்டுக்குள் காய்ந்திருப்பதால் இனி முறுக்கவும் செய்யாது. காசு கொடுத்தாலும் இன்று இப்படிக் காய்ந்த தடி சுலபத்தில் கிடைக்காது.

ஆசாரிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பக்கச் சட்டங்களின் உள்பக்கம், ரீப்பர் முனை உட்கார ஒன்றரைக்கு ஒன்றரை அங்குலக் கட்டையைப் பசையும் திருகாணியும் போட்டுப் பிடிக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால் ஒரு வருடத்தில் கீச்சென்று சத்தம் வரும். அயனியில் துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் கட்டை பிளக்கும். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவே 3 அங்குல உயரத்தில் ஒரு சட்டம், அதற்கு நடுவில் தரையைத் தொடுகிற ஒரு கால். 5 அடி அகலக் கட்டிலுக்கு இந்த நடுக்கால் இல்லாமல் முடியாது. ஓட்டு வீட்டுத் தரை சமமாக இருக்காது என்பதால் காலின் அடியில் திருகி ஏற்றி இறக்குகிற புஷ் வைக்கட்டும். நடுச் சட்டமும் இரண்டு பக்கக் கட்டைகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஒரு நூல் உயர்ந்தாலும் ரீப்பரெல்லாம் அங்கே முட்டிக்கொண்டு ஆடும். இறங்கினால் பழைய குழியே திரும்ப வரும். ஒவ்வொரு ரீப்பரும் எந்தப் பக்கம் லேசாக வளைந்திருக்கிறதோ அந்த மேடு மேலே வரட்டும். விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிட வேண்டும், கூர் முனை மெத்தையைத் தின்றுவிடும்.

உயரத்தை இப்போதே யோசியுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். பழைய கட்டில்களில் பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் 6 அங்குலம் வந்தால் 24. சார் உயரமானவர் என்றால் முழங்கால் வலிக்கு இந்த உயரம் எழுந்திருக்க உதவும். நீங்கள் குள்ளம் என்றால் கால் தொங்கும். இரண்டு பேரும் விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். மெத்தைக்குப் பதிலாக அதே கனத்தில் மடித்த ஜமுக்காளமோ புத்தகக் கட்டோ வைத்துக்கொள்ளலாம். பாதம் முழுதாகத் தரையில் பதிந்து, தொடை மட்டமாகவோ முழங்காலை விட இடுப்பு சற்று உயரமாகவோ இருந்தால் சரி. உயரம் கூடினால் கடைந்த கால்களை வெட்டச் சம்மதிக்காதீர்கள். உள்கட்டையை இரண்டு அங்குலம் இறக்கிப் பிடித்தால் மெத்தை சட்டத்துக்குள் அமர்ந்துகொள்ளும், இரவில் நழுவவும் செய்யாது. இதனால்தான் கட்டில் வேலை முதலில் என்றேன்.

ரப்பர் தடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் தோட்டத்து மரம், 25, 30 வருடம் பால் தந்த மரம், அதிலேயே கட்டில் செய்து அதன் பாலில் செய்த மெத்தையைப் போட்டுப் படுக்கலாம் என்று நினைப்பது எனக்கும் பிடிக்கிறது. ஆனால் கிடக்கிற அந்தத் தடி வேண்டாம். ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்து, வண்டு ஏறிவிடும். அதனால் தொழிற்சாலையில் ஈரம் காயும் முன்பே அறுத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அப்படிப் பதம் செய்த ரப்பர் மரத்தில் செய்த சாமான்கள் நன்றாகவே உழைக்கின்றன. தோட்டத்தில் மழையில் கிடந்த தடியை மில்லில் கொடுத்து அறுத்து அப்படியே மாட்டினால், சில மாதத்தில் கட்டிலுக்கு அடியில் கோதுமை மாவு போலத் தூள் கொட்டும், ரீப்பரில் ஊசி குத்தினாற்போலத் துளைகள் தெரியும். அந்த வண்டு மற்ற வெளிர் மரத்துக்கும் போகும். அதை விறகுக்கோ, எடுக்க வருகிற தடி வியாபாரிக்கோ கொடுத்துவிடுங்கள். அறுக்கும்போது பலகை எதுவும் வீணாகி, ரீப்பர் குறைந்தால் பழைய தடிக் கடையில் இடித்த ஓட்டு வீட்டுக் கழுக்கோல், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரம், கேளுங்கள். வைரமுள்ள பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும், வெளிர்நிற வெள்ளைப் பகுதி வேண்டாம்.

மெத்தைக்கு ஆர்டர் கொடுக்கும்போது 75க்கு 60 என்று அளவைச் சொல்லிக் கேட்க மகனிடம் சொல்லுங்கள். இப்போது அதிகம் விற்பது 78க்கு 60. அது வந்தால் உங்கள் கட்டிலில் மடங்கித்தான் உட்காரும். வாரண்டி அட்டையில் அடித்தளம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொய்ந்த கட்டிலில் போட்ட மெத்தைக்குப் பல கம்பெனிகள் மாற்றுத் தருவதில்லை. ரீப்பர் அடித்ததும், மெத்தை போடும் முன், இடைவெளியை அளக்கும் டேப் தெரிய ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தை வந்ததும் மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று பல வீட்டில் அதோடே போட்டுப் படுக்கிறார்கள். அப்புறம் பூசணம் பிடித்தால் ரீப்பர் மேல் பழி வருகிறது. ரீப்பருக்கு மேல் ஒரு கோரைப் பாய் விரித்துக்கொள்ளலாம், காற்றைத் தடுக்காது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, மூட்டை என்று அடுக்கி அடைக்காதீர்கள்.

இன்னொன்று. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவது நம் வழக்கம். லேட்டக்ஸை வெயிலில் போடவே கூடாது. ரப்பர் ஷீட் கடும் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? மெத்தையும் அப்படித்தான் கெடும், நாளாக ஆகப் பொடிந்து உதிரும். மழை விட்ட நாளில் ஜன்னலைத் திறந்து, விரிப்பையெல்லாம் எடுத்துவிட்டு, மெத்தையை இரண்டு பேராக ஒருக்களித்துச் சுவரில் இரண்டு மணி நேரம் சாய்த்து வைத்தால் போதும். விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தால் கிழியும், அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். சார் தூக்க வேண்டாம், யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பலகைகளை மில்லுக்கு அனுப்பும் முன் பழைய ஆணிகளைப் பிடுங்கச் சொல்லுங்கள், ரம்பத்தில் மாட்டினால் மில்காரர் பாதியில் நிறுத்திவிடுவார். அடிப்பக்கத்தையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆசாரிகள் எந்தப் பலகை எந்த இடத்தில் என்பதற்கு உளியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறி வைப்பார்கள். உங்கள் கட்டிலில் அந்தக் குறி இருந்தால் அந்த முனைகளை அறுத்துத் தள்ளாமல், ரீப்பராக மாட்டும்போதும் குறி கீழ்ப்பக்கம் வருமாறு போடச் சொல்லுங்கள்.